ஒரு காருக்கு மூன்று பேர்

"ஒரு காருக்கு மூணு பேர்தான் சாயலி. ரயில்காரங்க சட்டம். அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார் பாவ்ஜி.

என் கணவரின் அண்ணன். முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடத் துணிவில்லை. காரின் சக்கரத்துக்கு ஆட்கள் கட்டை வைப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கோலாட் நிலையத்தில் எங்கள் கார் ஏற்கெனவே ரயிலின் மேல் ஏறி நின்றது. முன்னும் பின்னும் கணபதி பண்டிகைக்கு ஊர் போகும் மும்பைக்காரர்களின் கார்கள். காரை ரயில் சுமந்துகொண்டு போகும். காருக்குள் யாரும் இருக்கக் கூடாது, ஆட்களுக்குத் தனிப் பெட்டி.

நான் விரல் விட்டு எண்ணினேன். பாவ்ஜி ஒன்று. அவர் மனைவி நீலிமா அக்கா இரண்டு.

"மூணாவது நான்தானே?"

பாவ்ஜி கையில் ஒரு பலகை. பலகையில் களிமண் கணபதி, முகத்தில் சிவப்புத் துணி. ஊர் வீட்டில் உட்காரும்வரை முகத்தைத் திறக்க மாட்டோம். வரும் வழியில் பேண் ஊரில் நான் காட்டியதைத்தான் வாங்கினார்.

"கணபதியைக் கார்ல தனியா விடச் சொல்றியா? குலுங்கி ஒரு விரல் உடைஞ்சா யார் பதில் சொல்றது? மூணாவது சீட் அவருக்கு."

"அப்ப நான்?"

"ஹைவேக்குப் போ. பஸ் வரும்."

பஸ் வரும். வந்து மாணகாவ் நெரிசலில் நிற்கும். நாளை மதியம்வரை நிற்கும். மும்பையில் இருக்கும் ஒவ்வொரு கொங்கணத்தானுக்கும் தெரிந்த விஷயம் அது. அதனால்தானே காரையே ரயிலில் ஏற்றுகிறோம்!

டோம்பிவலியில் என் வீட்டு வாசலில் என்னை ஏற்றிக்கொள்ளும்போது இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அங்கிருந்தே ஏதாவது ரயிலில் நின்றுகொண்டாவது போயிருப்பேன். அதற்காகத்தான் சொல்லவில்லை.

ஊரில் எங்களுக்கு ஒரே வீடு, ஒரே கணபதி. அண்ணன் ஒரு வருஷம், தம்பி ஒரு வருஷம் என்று முறை. இந்த வருஷம் என் கணவர் ஹேமந்தின் முறை. ஹேமந்த் இல்லை. போன வருஷம் கணபதியைக் கரைத்த இரண்டாம் மாதம் போய்விட்டார்.

அதனால் இது என் முறை. பூஜை செய்யும் பட்ஜியிடம் போனில் பேசிவிட்டேன். நீயே உட்கார வை அம்மா என்று அவரே சொல்லிவிட்டார்.

நாளை காலை பூஜை நேரத்தில் முறைக்காரர் வீட்டில் இல்லையென்றால் மற்றவர் உட்கார வைப்பார். முறை அத்தோடு கை மாறும். முறை போனால் வீட்டில் பாதியும் போகும். இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு எதற்கு வீடு என்று, எனக்குக் கேட்கும்படியாகவே.

"இதை வீட்லயே சொல்றதுக்கு என்ன பாவ்ஜி? வாய்ல கொழுக்கட்டையா?"

"மெதுவாப் பேசு சாயலி, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் நீலிமா அக்கா.

"பாக்கட்டும்! கூட்டிட்டு வந்து நட்ட நடு வழியில இறக்கி விடறவங்களுக்கு வராத வெட்கம் எனக்கு எதுக்கு?"

பாவ்ஜி குரலைத் தாழ்த்தினார். "நீ வந்தா வா. வரலேன்னா நான் உட்கார வெச்சுக்கறேன். சாமி விஷயம், யார் வெச்சா என்ன? இதுக்கா இவ்வளவு சத்தம்?"

அந்தப் பலகையைப் பிடுங்கித் தண்டவாளத்தில் போட்டு உடைத்தால் என்ன என்று தோன்றியது. சாமியாவது பூதமாவது. யாருக்கும் இல்லாமல் போகட்டும். அப்படி நினைத்தேன் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

அப்போது பட்டியலும் பேனாவுமாக டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"பரப் குடும்பமா? மூணு பேரும் இருக்கீங்களா?"

"ரெண்டு பேர்தாங்க" என்று பாவ்ஜி அவசரமாக முன்னால் போனார். "மூணாவது ஆள் வரலை. அந்த சீட்ல கணபதி வர்றார்."

பரிசோதகர் துணி மூடிய கணபதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"கணபதிக்கு எதுக்குங்க டிக்கெட்? மடியில வெச்சுக்குங்க. வராதவங்க பேரை அடிச்சிடறேன். அதுல வேற யாராச்சும் வரட்டும்."

பேனாவைத் திறந்து, அடிப்பதற்கு முன் பெயரைச் சத்தமாக வாசித்தார்.

"சாயலி ஹேமந்த் பரப். பெண். வயசு முப்பத்தெட்டு."

பாவ்ஜி தரையைப் பார்த்தார். நீலிமா அக்கா அவரைப் பார்த்தாள்.

"அடிக்காதீங்க. நான்தான் அது" என்றேன்.

ஆதார் அட்டையை நீட்டினேன். பரிசோதகர் முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுவிட்டு, ஏறச் சொல்லிவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தார்.

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. மூன்றாவது சீட் வாங்க ஒரு பெயர் வேண்டும், ஆதார் வேண்டும். கணபதிக்கு ஆதார் கிடையாது. பாவ்ஜியின் பையில் என் ஆதார் நகல் இருந்திருக்கிறது.

"குடுங்க பாவ்ஜி" என்று இரண்டு கையையும் நீட்டினேன். "இந்த வருஷம் என் முறை."

அவர் பலகையைக் கொடுத்தார். இத்தனை பேர் பார்க்கும்போது கொடுக்காமல் என்ன செய்வார்?

அந்த நகலை இரண்டு மாதம் முன்பு என் வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். ஊர் வீட்டுப் பத்திரத்தில் ஹேமந்தின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைச் சேர்ப்பதற்கு என்றார்.