எஞ்சினின் விசில்

"பூட்டு உடையலை, சாவி உன்கிட்டதான் இருக்கு. அப்புறம் எஞ்சினோட விசில் எங்க போச்சு?"

நின்றுபோன சுற்றுலா ரயிலின் நீராவி எஞ்சினைப் பாதுகாக்கும் சங்கத்தின் செயலாளர், உறுப்பினர்கள் முன்னிலையில் கத்தினார். கொட்டகைக் காவலாளி தலை குனிந்து நின்றார்.

"நான் எடுக்கலை சார்."

"அப்ப தானா ஊதிக்கிட்டே பறந்துபோச்சா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

வீட்டுக்கு வந்தும் செயலாளருக்குக் கோபம் அடங்கவில்லை. "எஞ்சின்லயே கையை வச்சுட்டான், திருட்டுப்பய!" என்று செருப்பை உதறினார்.

"அது கிடக்கட்டும்," என்றாள் மனைவி. "மெருகேத்தணும்னு போன மாசம் ஏதோ பித்தளைச் சாமானைத் துண்டுல சுத்திக் கொண்டுவந்தீங்களே, கட்டிலுக்கடியிலேயே கிடக்கு. பெருக்கும்போதெல்லாம் இடிக்குது. எப்பத்தான் எடுத்துட்டுப் போவீங்க?"

செயலாளர் கட்டிலுக்கடியில் குனிந்து துழாவினார். துண்டோடு விசிலைத் தூக்கிக்கொண்டு காவலாளியின் வீட்டுக்கு ஓடினார்.

"என்னை மன்னிச்சிடுங்க. நான்தான் தேய்க்கக் கொண்டுபோய் மறந்துட்டேன்..."

காவலாளி தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீங்க துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனதை அன்னிக்கே பார்த்தேன் சார். விக்கிற அளவுக்கு உங்களுக்கு என்ன கஷ்டமோன்னு நினைச்சேன். அத்தனை பேர் முன்னால காட்டிக்குடுக்க மனசு வரலை."