நூலில் தொங்கும் எறும்பு

உயிரினக் கணக்கெடுப்புத் தாளில் எறும்பு என்றே எழுதிவிட்டால் என்ன, என்று நினைக்கிறாள் ஷீஜா. கண்ணூரில் நாகங்களுக்கென விட்டுவைத்த காவுக் காட்டில் மழைக்கு முந்தைய மங்கிய வெளிச்சம். வேலிக்கு அப்பால் செம்பாறை வெட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்கிறது. காவின் பழைய உயிரினப் பட்டியலில் இல்லாத உயிர் ஒன்று கிடைத்தாலும் வெட்டு தள்ளிப்போகும். முந்திரி இலையில் முசிறு எறும்புகள் ஊர்கின்றன. கடைசியாகப் போவது முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோலத் தூக்கி ஆட்டியபடி மற்ற ஆறு கால்களில் நடக்கிறது. அலுவலகத்தில் நிரந்தரக்காரர்களில் ஒருத்திபோல, பத்து வருடமாக அவளும் அப்படித்தான் நடக்கிறாள்.

"நீ கால் எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பென்ஷனே வந்துரும். எல்லாம் முசிறுதான், கையெழுத்துப் போடு," என்கிறார் அதிகாரி பவித்ரன். அவளுடைய தற்காலிக வேலையை நீட்டுவது அவர் கையில்தான் இருக்கிறது.

அவள் தூரிகையால் இலையைத் தட்டுகிறாள். முசிறுகள் சில மண்ணில் உதிர்கின்றன. கடைசியாகப் போனது மட்டும் விழாமல், கண்ணுக்கே தெரியாத நூலில் தொங்கி மெல்லச் சுழல்கிறது. சிலந்திதான். பட்டியலில் இல்லாத சிலந்தி.

"நூலை அறுத்து விடு ஷீஜா. யாரு பாத்தா?"

இயந்திரத்தின் உறுமல் இலைகளை அதிரவைக்கிறது. அவள் பேனாவை மூடி, கையெழுத்திடாத தாளை அவரிடமே நீட்டுகிறாள்.

"நான் பாத்துட்டேனே சார்."