போறேன் என்றார்

கேமரூன் நாட்டின் கும்பா நகரக் கோகோ விவசாயிகள் சங்கத்தில், ஒப்பந்தம் கையெழுத்தாகும் தறுவாயில், அமெரிக்க முதலீட்டாளர் திரு. ஹாலண்ட் அவர்கள் எழுந்து, "போறேன்" என்று மட்டும் கூறி வெளியேறினார்.

"'வரேன்'னு சொல்லலியே, எனாங்கா" என்றார் தலைவர் லியோங்கா.

"வீட்டை விட்டே போற பொண்டாட்டிதான் 'போறேன்'னு சொல்லுவா, தலைவரே" என்றார் செயலாளர் எனாங்கா. "நீங்க விலையைக் கூட்டிக் கேட்டிருக்கவே கூடாது."

"மழை வந்தா மூட்டையெல்லாம் பூசணம் பிடிச்சிடும். தரகர் ஃபோட்சோவுக்குப் போன் போடு. பாதி விலைக்கே எடுத்துக்கட்டும்."

ஃபோட்சோ உடனே சம்மதித்தார். தலைவரும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தார்.

அப்போது கதவு திறந்தது. கைக்குட்டையால் கைகளைத் துடைத்தவாறு நுழைந்த திரு. ஹாலண்ட் அவர்கள், "உங்க கழிவறை ரொம்பச் சுத்தமா இருக்கு" என்று பாராட்டிவிட்டு, பேனாவைத் திறந்தார்.