கூப்பிடுகிறவன்

முழங்காலுக்குக் கீழே வலித்தது. பிறகு வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆற்றில் பனி உருகி வந்துகொண்டிருந்தது. சுவீடனில் இதை வெயில் காலம் என்கிறார்கள்.

அவன் தொடையளவு தண்ணீரில், வெறும் மேலோடு, பாறையில் சாய்ந்து நின்றான். கையில் ஒரு வயலின். வாசிக்கத் தெரியாது.

"மண்வெட்டி பிடிக்கிற மாதிரியெல்லோ பிடிச்சிருக்கிறாய், மச்சான்."

கரையில் சேந்தன். இருவரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர்கள். சேந்தனுக்கு இந்த நாட்டு மொழி ஓடும். மொழிபெயர்த்துச் சொல்வதற்காகக் கூட வந்திருந்தான்.

வரைகிறவள் குனில்லா. மாலை வகுப்பில் அவனுக்கு மொழி படிப்பிக்கிறவள். அவள் கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. காற்சட்டையைக் கழற்ற மாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக நின்றான். அந்த இடத்தில் நுரை வரைந்துவிடுகிறேன் என்று அவள் சிரித்தாள்.

படம் ஒரு தண்ணீர்ப் பேயைப் பற்றியது. நெக்கன் என்று பெயர். ஆற்றுக்குள் இருந்து வாசிக்குமாம். ஆட்களைக் கூப்பிடுமாம். கேட்டவர்கள் குரலைப் பிடித்து நேரே தண்ணீருக்குள் போய்விடுவார்களாம்.

"உன்ர முகத்தைப் பாத்துத்தான் பிடிச்சிருக்கிறாள்" என்றான் சேந்தன்.

அவன் சிரிக்கவில்லை.

குனில்லா ஏதோ சொன்னாள்.

"வாயைத் திறக்கட்டாம். கூப்பிடுற மாதிரி."

தண்ணீரில் நின்று வாய் திறப்பதில்லை என்று வைத்திருந்தான். ஊரை விட்டதிலிருந்து அப்படித்தான்.

திறந்தான். கொட்டாவி மாதிரி இருந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

"ஆரையெண்டாலும் கூப்பிடடா. விறைச்சுச் சாகப்போறாய்."

கூப்பிட்டான்.

"இஞ்சால வாங்கோ! இஞ்ச நிலம் இருக்கு!"

தேடி எடுத்த சொல் இல்லை. உள்ளே கிடந்தது, வந்துவிட்டது.

குனில்லாவின் கை ஓடத் தொடங்கியது. அசையாதே என்று மற்றக் கையைக் காட்டினாள்.

சேந்தனின் சிரிப்பு நின்றுவிட்டது. அவனும் முல்லைத்தீவுக் களப்பைக் கடந்து வந்தவன்தான்.

சண்டையின் கடைசிக் கிழமை. விடிகிற நேரம். கழுத்தளவு தண்ணீர். பின்னால் வந்த பெண் கைக்குழந்தையைத் தூக்கி நீட்டினாள். அண்ணை, இவளைப் பிடியுங்கோ என்றாள். தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, காலால் தடவித் தடவி நடந்தான். ஓரிடத்தில் கால் எட்டவில்லை. குழி. சுற்றிப் போனான். நிலம் பட்டது.

திரும்பிக் கூப்பிட்டான்.

சுற்றி வாங்கோ என்று சொல்ல வரவில்லை. மூச்சு அவ்வளவுதான் இருந்தது.

அவள் குரலைப் பிடித்து நேரே வந்தாள்.

அவன் நின்ற இடத்தில் நிலம் இருந்தது.

நடுவில் இல்லை.

அந்தக் குழந்தை தர்சிகா. முல்லைத்தீவில் சித்தியோடு வளர்ந்தாள். இப்போது பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறாள். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் போன் எடுப்பாள்.

"மாமா, நீங்க இல்லாட்டி நான் இல்லை."

அவன் சுமந்தது அவளுக்குத் தெரியும். கூப்பிட்டது தெரியாது. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனைக் காதில் வைப்பான். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

குனில்லா வரைந்த துணியைத் திருப்பிக் காட்டினாள். பச்சைத் தண்ணீர். அவன் முகம். வாய் இருக்க வேண்டிய இடம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"இன்னொருக்காக் கூப்பிடட்டாம்" என்றான் சேந்தன். அவனைப் பார்க்கவில்லை. "ஏலாதெண்டா விடு. ஏறி வா."

அவன் ஏறவில்லை.

வயலினைப் பாறைமேல் வைத்தான். கையைக் காற்சட்டையில் துடைத்தான். அது ஏற்கெனவே நனைந்திருந்தது.

"போனைத் தா."

"ஆருக்கு?"

அவன் கையை நீட்டினான். சேந்தன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கி வந்து கொடுத்தான்.

இலக்கம் அவனுக்குப் பாடம். விரல்தான் விறைத்திருந்தது.

மணி போனது.

"மாமா? என்ன மாமா, இந்த நேரத்தில?"

வாயைத் திறந்தான்.

அவளுக்கு அவன் ஒரு தாயைக் கடன்பட்டிருந்தான்.