வீட்டுக்காரரிடம் மட்டும்

"முதல்ல நீங்க உட்காருங்க. விஷயம் நல்லதா இல்லை."

டாக்டர் வத்சலா தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள். கிளைவ் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

"பெரிலோட தொண்டையிலதானே?"

"குரல்வளையில புற்று. இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா உயிர் தப்பிடும்."

"குரல்?"

"குரல் போயிடும். இனிமே பாட முடியாது." 

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?" கிளைவின் முகம் வெளுத்திருந்தது.

"இல்லை. எங்க ஊர்ல இந்த மாதிரி விஷயத்தை நோயாளிகிட்ட சொல்ல மாட்டோம். வீட்டு மனுஷங்ககிட்டதான் சொல்லுவோம்."

கிளைவ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது 1973 ஏப்ரல். பிராங்பேர்ட்டில் ஒரு மருத்துவமனை. தொண்டைப் பிரிவில் ஆங்கிலம் சரளமாகப் பேசக்கூடியவள் வத்சலா ஒருத்திதான். அதனால் அன்று காலை பெரிய டாக்டர் அந்த வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார். "அந்த ஆங்கிலேயப் பெண்ணிடம் நீயே விவரமாகச் சொல்லி, ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கிவிடு."

வத்சலா போனாள். பெரில் டாசன் கட்டிலில் உட்கார்ந்து தலைமுடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இங்கிலாந்து டிவி தொடர் ஒன்றில் ரொட்டிக்கடைக்காரர் மனைவியாக வருஷக்கணக்கில் நடித்தவள். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பாடிய பாட்டு அமோகமாக ஓட, இனி பாட்டுதான் என்று கிளம்பிவிட்டாள். கோபத்தில் தொடர்க்காரர்கள் ரொட்டிக்கடைக்காரர் மனைவியை லாரியில் அடிபட்டுச் சாக வைத்துவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை.

ஜெர்மனியில் அவளுக்கு நல்ல கிராக்கி. இத்தனைக்கும் ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாதபடி பாடிவிடுவாள். வருகிற திங்கட்கிழமை தொடங்கி அக்டோபர் வரைக்கும் நாற்பது ஊர்களில் கச்சேரி.

"டாக்டர், திங்கட்கிழமைக்குள்ள தொண்டை சரியாயிடுமா?" என்றாள் பெரில் கரகரத்த குரலில். "பாட்டையும் விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்லை."

வத்சலா கையிலிருந்த கோப்பை மூடினாள்.

"உங்க கூட யாராவது இருக்காங்களா?"

"என் வீட்டுக்காரர் நாலு மணிக்கு வருவார்" என்று பெரில் கண்ணடித்துச் சிரித்தாள்.

அப்பாடா என்றிருந்தது வத்சலாவுக்கு. சரியாக நாலு மணிக்கு, பூங்கொத்தோடு கிளைவ் வந்து நின்றார்.

இப்போது அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "நானே பக்குவமா அவகிட்ட சொல்லிக்கறேன் டாக்டர். லண்டன்ல எனக்குத் தெரிஞ்ச நல்ல டாக்டர் இருக்கார். அங்கேயே ஆபரேஷன் வச்சுக்கறோம்."

"தள்ளிப் போடாதீங்க. நாள் ரொம்ப முக்கியம்."

"என் பொறுப்பு."

மருத்துவமனையை விட்டுப் போகும்போது நோயாளி கையெழுத்துப் போட ஒரு தாள் உண்டு. 'என் நோயின் தன்மை எனக்கு விளக்கப்பட்டது. என் சொந்த விருப்பத்தின் பேரில் வெளியேறுகிறேன்' என்று அதில் ஜெர்மனில் இருந்தது.

"இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் பெரில்.

"வழக்கமா எல்லாரும் போடறதுதான்" என்றாள் வத்சலா.

ரசிகர்களுக்குப் போடுவது போலப் பெரிதாகச் சுழித்துப் போட்டுக் கொடுத்தாள் பெரில்.

அன்று சாப்பிடும்போது சேதுராமன் கேட்டான். வத்சலாவின் கணவன், பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆராய்ச்சி செய்பவன்.

"அந்தப் பாட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"அவ ஹஸ்பண்ட்கிட்ட சொல்லிட்டேன்."

"உங்க சீஃப் பேஷன்ட்கிட்டதானே சொல்லச் சொன்னார்?"

"எங்கப்பாவுக்கு வந்தப்போ அவர்கிட்டயா சொன்னோம்? கடைசி வரைக்கும் அல்சர்னே நெனச்சுண்டிருந்தார். நிம்மதியாப் போனார்."

"நிம்மதியாப் போனார்னு உனக்கு எப்படித் தெரியும்?"

வத்சலா அவன் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

அக்டோபர் கடைசியில் பெரிலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். மேடையிலேயே மூச்சு முட்டி விழுந்திருந்தாள். அவசரமாகக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து மூச்சை மீட்டார்கள். பெரிய டாக்டர் எக்ஸ்ரே படங்களைப் பார்த்துவிட்டு, இனி கத்தி வைத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார். கட்டிலில் கிடந்தவள் பாதி ஆளாகியிருந்தாள்.

வத்சலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"லண்டன்ல ஆபரேஷன் பண்ணிக்கலையா? ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

பெரிலால் பேச முடியாது. தலையணைக்குப் பக்கத்திலிருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினாள்: 'என்ன ஆபரேஷன்? தொண்டைப் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்று நீங்கள் சொன்னதாகத்தானே கிளைவ் சொன்னார்?'

வத்சலா குனிந்து அதை இன்னொரு தடவை படித்தாள். 

"நான் எல்லாத்தையும் சொன்னேனே! ஒண்ணு விடாம உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே!"

 பெரில் நிதானமாக எழுதிக் காட்டினாள்.

'எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, டாக்டர். டிவி தொடரில் என் புருஷனாக நடித்தவர் கிளைவ். அந்தப் பழக்கத்தில் இன்னமும் விளையாட்டாக அப்படிச் சொல்வேன். இப்போது அவர் என் மேனேஜர், அந்த நாற்பது ஊர் கச்சேரியும் அவர் ஏற்பாடுதான்.'