பாதி லேபிள் தாள்

மொத்த மருந்துக் கடையின் பின்னறை. மேஜை மேல் கட்டி முடித்த பெட்டிகள் முகவரி இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. வாசலில் கூரியர் வேன் மறுபடியும் ஹாரன் அடிக்கிறது. கையிருப்பில் ஒரே ஒரு லேபிள் தாள். அதிலும் மேல்பாதியை நேற்றே உரித்து ஒட்டியாயிற்று. அங்கே வெறும் மெழுகுத்தாள் ஜன்னல் வெளிச்சத்தில் பளபளக்கிறது. கீழ்ப்பாதியில்தான் வெள்ளை லேபிள்கள். "மேல்பாதிய விட்டுட்டு அடிக்கச் சொல்லி கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன். வைங்க தம்பி" என்கிறாள் அண்ணி. கணவனின் தம்பி தாளைப் பிரிண்டரில் செருகுகிறான். பிரிண்டர் இருமுகிறது, இழுக்கிறது, யோசிக்கிறது. தாள் வெளியே வருகிறது. முகவரிகள் அத்தனையும் மெழுகுத்தாளில் விழுந்து கிடக்கின்றன. தாளைத் தலைகீழாக வைத்திருக்கிறான். "போச்சு அண்ணி!" அவன் பதறித் தொட்டதும், மெழுகில் மை காயாத ஓர் ஊரின் பெயர் கட்டைவிரலோடு இழுபட்டு வருகிறது. அண்ணி தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்க்கிறாள். "எங்க போச்சு? லேபிள்ல ஒரு பொட்டு மை இல்ல, பாருங்க." பழந்துணியால் மெழுகுத்தாளை மட்டும் மெதுவாக ஒற்றி எடுக்கிறாள். வெளியே வேன் கிளம்பத் தயாராக உறுமுகிறது. "குடுங்க அண்ணி, திருப்பி வைக்கிறேன்." அவசரமாக நீளும் கையில், வெள்ளை லேபிளுக்கு ஒரு நூல் இடைவெளியில், ஈரமும் கருப்புமாக அந்தக் கட்டைவிரல். அண்ணி தாளை வெடுக்கென்று நெஞ்சுப்பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "மொதல்ல போய்க் கையக் கழுவுங்க, சாமி."