கிணற்றடி ஆதாரம்

"கல்லு மேல யாரும் கை வைக்காதீங்க! இது வரலாறு!" என்று கத்தினார் தேசிகன். கிணற்றடிக்கு வந்த பிரிசில்லா, அழுக்குத்துணி மூட்டையை இடுப்பிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"இன்னா சார் வரலாறு? நாங்க துணி தொவைக்கிற கல்லு அது."

தேசிகன் படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறவர். அடிக்குறிப்பு இல்லாத கட்டுரையை, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால்தான் தூக்குவார். ஆனால் இத்தனை வருஷமும் அடுத்தவன் கண்டுபிடித்ததை மேற்கோள் காட்டியே பிழைப்பு ஓடியதே தவிர, சொந்தமாக ஒரு சான்றுகூட அவர் கையில் சிக்கியதில்லை. அது இல்லாமல் துறைத் தலைவர் நாற்காலியை மறந்துவிடும்படி பிரின்சிபால் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

இப்போது சிக்கிவிட்டது. பூஞ்சேரியைத் தாண்டி, உளிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில், அவருடைய மாணவி சிநேகாவின் வீட்டுக்கு எதிரிலேயே.

சிநேகா எழுதிய கட்டுரை 'எங்கள் தெருக் கிணறு'. முதல் தடவை கொடுத்தபோது மேசை மேல் விட்டெறிந்தார்.

"இந்தக் கிணற்றை எங்கள் தெருவார் தாமே வெட்டினர், ஒருவரும் கூலி தரவில்லைன்னு எழுதியிருக்கியே, ஆதாரம் எங்க?"

"தெருவுல எல்லாருமே சொல்றாங்க சார். எங்க அப்பாகூட..."

"உங்க அப்பா சொன்னா ஆயிடுமா? வாயால சொல்றது காத்தோட போச்சு. தாள்ல இருக்கணும், இல்ல கல்லுல இருக்கணும். கொண்டா. இல்லேன்னா முட்டைதான்."

கட்டுரை திரும்பி வந்தது. அதே வாக்கியம், இந்தத் தடவை மேற்கோள் குறிக்குள். அடியில் குறிப்பு: 'கிணற்றடிக் கல்வெட்டு, வரி 1, 2.'

தேசிகன் அந்தக் குறிப்பை மூன்று தடவை படித்தார். ஆனாலும் விதி விதிதான். பக்க எண் இல்லை என்று ஒரு மார்க்கைக் குறைத்து, அதை அவளிடமே சொல்லியும் விட்டு, மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரைக் கிளப்பினார். கேளம்பாக்கம் சிக்னலில் நிற்கும்போதே பிரின்சிபாலுக்குப் போன் போட்டார்.

"இதுவரைக்கும் ஒருத்தரும் மேற்கோள் காட்டாத கல்வெட்டு சார். கருத்தரங்குல நானே வாசிக்கிறேன். பேனர்ல என் பேரைப் பெரிசாப் போடச் சொல்லுங்க!"

இப்போது அந்தக் கல்லுக்கு முன்னால், சோப்புத் தண்ணீரிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். பிரிசில்லாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் கல்லு எத்தனை காலமா இங்க இருக்கு?"

"எங்க மாமியாரு கண்ணாலம் கட்டிகினு வந்தப்பவே கீதாம் சார். ஆனா ஒரு வாரமா இதுல தொவைச்சா துணி கீயுது. ஒரே பேஜாரா கீது."

"கிழிஞ்சா கிழியட்டும்! வரலாத்து மேல சோப்பு போட்டதுக்கு உங்களையெல்லாம் உள்ள தள்ளணும்."

"சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் பக்கத்தில் நின்ற சிநேகா.

"வாயால ஒண்ணும் சொல்லாதேன்னு எத்தனை தடவம்மா சொல்றது? கல்லு பேசட்டும்."

எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். வெள்ளையாகப் பொடி ஒட்டியது. சோப்புத்தூளாக இருக்கும் என்று பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"என்ன கூர்மை பாரு! அந்தக் காலத்து ஆளு அந்தக் காலத்து ஆளுதான்!" பையிலிருந்து கட்டுரையை எடுத்துக் கல்லோடு வைத்துப் பார்த்தார். "சபாஷ் சிநேகா! ஒரு எழுத்துகூட மாறல. மேற்கோள்னா இப்படிக் காட்டணும்!"

சட்டென்று அவர் கண் விரிந்தது. கல்லிலும் வாக்கியத்தின் முன்னும் பின்னும் மேற்கோள் குறி இருந்தது.

"அடடா! இவங்களே இன்னொரு மூலத்துலேருந்துதான் மேற்கோள் காட்டியிருக்காங்க! அப்போ இதைவிடப் பழைய கல்லு ஒண்ணு இருக்கு! தோண்டணும், இந்தத் தெருவையே தோண்டணும்!"

"தோண்டுவ, தோண்டுவ" என்று முணுமுணுத்த பிரிசில்லா மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

தெருக்கோடிச் சிற்பப் பட்டறையில் உளிச்சத்தம் நின்றது. சிநேகாவின் அப்பா சின்னையன் புருவமெல்லாம் கல்தூளாக, கையில் பிடித்த சுத்தியோடும் உளியோடும் அரக்கப்பரக்க ஓடிவந்தார். வாத்தியாரைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"கோச்சுக்காதீங்க சார், தப்பு என்னுதுதான். ஒரு மார்க்கு பூட்ச்சின்னு புள்ள நேத்துலேருந்து சோறு துண்ணல. அந்தப் பக்க நம்பர மேல வெட்றதா, கீய வெட்றதா?"